கல்லூரி இசை ஆசிரியை ஒருவரின் பணிவாழ்வை எவ்வாறு எழுதி வைப்பது?

கேள்வி: நாகர்கோவில் பழைய மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இசை கற்பித்து, பாடகர் குழுவைப் பயிற்றுவித்து, வழிபாடுகளுக்கும் விழாக்களுக்கும் பியானோ வாசித்த எங்கள் டீச்சர் இப்போது எண்பது வயதைக் கடந்து நாகர்கோவிலில் ஓய்வில் இருக்கிறார். அவரிடம் பயின்றவர்கள் சிலர் சேர்ந்து அவருடைய பணியைப் பற்றி ஒரு சிறுநூல் கொண்டுவர முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

விழாக்குழுவினர் எனக்கு ஒரு குறிப்பை அனுப்பியிருந்தார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் எட்டாவது கிரேடு வரை பெற்ற தேர்ச்சி, பணியில் சேர்ந்தது, பெற்ற கேடயங்கள், ஓய்வு என்று அது நான்கு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் டீச்சரை அறியாத ஒருவர் அதைப் படித்தால், அந்த முப்பது ஆண்டுகளும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்கு விளங்காது.

எங்கள் கல்லூரியில் இசை ஒருபோதும் பட்டப்படிப்பாக இருந்ததில்லை. ஆகவே பாடத்திட்டமோ தேர்வு முடிவுகளோ துறை அறிக்கையோ அவருடைய உழைப்புக்குச் சான்றாக எங்கும் பதிவாகவில்லை. அவரிடம் பயின்றவர்கள் வேதியியலும் வணிகவியலும் ஆங்கிலமும் படித்தவர்கள். மாலையில் வகுப்பு முடிந்து, ஊருக்குப் போகும் பேருந்து வருவதற்குள் கிடைத்த சிறுபொழுதில் குரலைப் பழக்கியவர்கள். அவருடைய பணியிடமும் அரசு ஊதியம் பெறும் பேராசிரியர் பணியிடம் அன்று. நிர்வாகம் வழங்கிய தொகுப்பூதியத்திலேயே பணிக்காலம் முழுவதையும் அவர் கழித்தார். கல்லூரி ஆண்டறிக்கையைப் புரட்டினால், 'பாடகர் குழு பாடியது' என்ற ஒரே வரியில் ஓராண்டு உழைப்பு அடங்கிவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததை எழுத வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

அவருடைய வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கையெழுத்து இசைத்தாள்களும், நிகழ்ச்சி நிரல்களும், ஒலிநாடாக்களும் இருக்கின்றன. நினைவு தெளிவாக இருக்கிறது. சிறிது நேரம் பியானோ முன் அமர்ந்து வாசிக்கவும் முடிகிறது. இத்தகைய பணியை எப்படி விவரிப்பது, அவரிடம் எவற்றையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வது, அந்தப் பெட்டியில் உள்ளவற்றை எவ்வாறு காப்பது என்று இசையறிந்தவர்களும் ஆவணப் பணியில் அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: மார்த்தாண்டம் பாடகர்

சகோதரிக்கு வணக்கம். ஒரு சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கல்லூரி இசை ஆசிரியரின் பணியில் பெரும்பகுதி உடன்வாசிப்பு. அதைத்தான் நம் மலர்களும் நினைவுரைகளும் முற்றிலும் விட்டுவிடுகின்றன. பாடுகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். வாசிக்கிறவர் அந்த வேளையில் எத்தனை முடிவுகளை எடுக்கிறார் என்பதை அருகில் நிற்கிறவர்கூட அறிவதில்லை. அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கும் பெண்ணுக்காக ஒரு சுரம் கீழே இறக்கித் தாளைப் பார்த்தபடியே வேறு சுருதியில் வாசிப்பது, ஆல்டோ என்னும் பெண்களின் தாழ்குரல் பகுதி தடுமாறும் இடத்தில் அந்தச் சுரத்தை மட்டும் சற்று அழுத்தித் தருவது, மூச்சு வாங்க இடமில்லாத வரியில் காலத்தை ஒரு நூலிழை நீட்டுவது ஆகிய இவை எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்க மாட்டா. ஆகவே 'என்னென்ன வாசித்தீர்கள்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இந்தப் பாடலை ஏன் இந்தச் சுருதிக்கு மாற்றினீர்கள், அந்த ஆண்டுக் குழுவில் குரல்கள் எப்படி இருந்தன' என்று கேளுங்கள். ஒவ்வொரு பாடலின் தாளிலும் சுருதி மாற்றம் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறிப்பே ஒரு குழுவின் வரலாறு.

இன்னொன்று, சுரங்களை டோ, ரே, மீ என்று எழுத்துகளால் குறித்துப் பாடும் சோல்ஃபா முறையைப் பற்றி அவரிடம் விரிவாகக் கேளுங்கள். நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் வகுத்த முறையிலிருந்து ஜான் கர்வென் என்ற காங்கிரிகேஷனல் சபைப் போதகர் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த டானிக் சோல்ஃபா, மிஷன் பள்ளிகள் வழியாக உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. தென்திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷனும் பெரிதும் அதே சபை மரபைச் சேர்ந்தது. ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை அறியாத கிராமத்துப் பாடகர்கள்கூட ஹேண்டலின் 'அல்லேலூயா'வை நான்கு குரல் பகுதிகளிலும் பிசகாமல் பாடியதற்குக் காரணம் இந்த முறைதான். உங்கள் டீச்சர் ஒரு கண்ணால் ஸ்டாஃபைப் பார்த்து வாசித்துக்கொண்டே, வாயால் சோல்ஃபா சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இவ்விரண்டுக்கும் இடையே நின்று கற்பிக்கத் தெரிந்த தலைமுறை இப்போது குறைந்து வருகிறது. ஒரு புதிய பாடலை முதல் நாள் எந்தக் குரலிலிருந்து தொடங்குவார், நான்கு பகுதிகளையும் எந்த நிலையில் சேர்ப்பார் என்பதை ஒரு பாடலை எடுத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓர் அத்தியாயம் கேடயங்களின் பட்டியலைவிட அவரை நன்றாகக் காட்டும்.


பதில்: தக்கலை, வாய்ப்பாட்டு ஆசிரியை

வணக்கம். நான் கர்நாடக இசை கற்பிப்பவள். அந்தப் பெட்டியில் உள்ள கையெழுத்துத் தாள்களில் தமிழ்க் கீர்த்தனைகளுக்கு டீச்சர் எழுதிய பியானோ பகுதிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நூலின் நடுநாயகமாக அவைதான் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் திருச்சபைகளில் இருவகைப் பாடல்கள் அருகருகே வாழ்கின்றன. பாமாலைகள் ஐரோப்பிய மெட்டுகளோடு வந்தவை. நான்கு குரல்கள் வெவ்வேறு சுரங்களில் இணைந்து ஒலிக்கும் ஹார்மனி அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இயற்றிய கீர்த்தனைகள் இராகத்தில் பிறந்தவை. அவற்றுக்கு ஆதாரம் ஒற்றைச் சுருதியும் தாளமும் மட்டுமே. பாமாலைக்குத் தாளைப் பார்த்து வாசித்துவிடலாம். கீர்த்தனைக்கு வாசிக்க வேண்டுமானால் வாசிப்பவரே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளில்தான் ஓர் இசை ஆசிரியரின் படிப்பும் பண்பும் தெரியும்.

சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனை என்றால் சிரமம் குறைவு. மேஜர் ஸ்கேல் என்னும் மேற்கத்திய சுரவரிசையின் சுரங்களே அதற்கும் உரியவை. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு ஏறக்குறைய 40 நோட்டு சுரங்களை இயற்றியபோது சங்கராபரணத்தையே கையாண்டார் என்பது தற்செயலன்று. ஆனால் அரிகாம்போதிக்கு வந்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. அங்கே நிஷாதம் கைசிகி நிஷாதம், அதாவது சங்கராபரணத்தின் காகலி நிஷாதத்தைவிட அரைச் சுரம் தாழ்ந்தது. பஞ்சமத்தின் மேல் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுர அடுக்கு) அமைத்தால் அது நடுச்சுரம் தாழ்ந்த மைனராகவே வரும். பாடலை முடிக்கும் இடத்தில் மேற்கத்திய வழக்கப்படி அங்கே நடுச்சுரம் உயர்ந்த மேஜர் கார்டைப் போட வேண்டும் என்று கை பரபரக்கும். போட்டால் காகலி நிஷாதம் உள்ளே நுழைந்து, இராகமே சங்கராபரணமாகத் திரிந்துவிடும். மாயாமாளவகௌளையில் இன்னும் கடினம். அங்கே பஞ்சமத்தின் மேல் எழும் கார்டில் சுத்த ரிஷபம் என்னும் தாழ்ந்த ரி வந்து சேர்வதால் அதன் ஐந்தாம் இடைவெளி குறைந்து, நிலைகொள்ளாமல் ஒலிக்கும். அதற்கு மாறாக ரி-ம-த மூன்றையும் சேர்த்த கார்டிலிருந்து அரைச் சுரம் இறங்கி ச-க-ப கார்டில் வந்து நின்றால், இராகத்தின் சுரங்களை மீறாமலேயே ஒரு முழுமையான முடிவு கிடைக்கும். இவற்றையெல்லாம் நம் ஊர் டீச்சர்கள் எந்தப் பாடநூலிலும் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டுக்கணக்கில் வாசித்து, செவி ஒப்பாததை விலக்கி, ஒப்பியதை வைத்துக்கொண்டு தாமே கண்டறிந்திருப்பார்கள்.

பியானோவில் கமகம் வராது. ஆகவே அது கீர்த்தனைக்கு ஆகாத கருவி என்று எங்கள் வட்டாரத்தில் பலர் சொல்வதுண்டு. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே விரலால் இழுக்கவோ அசைக்கவோ அதில் இயலாது என்பது உண்மைதான். ஆனால் நல்ல வாசிப்பாளர் அந்த இடத்தை நிரப்ப முயல மாட்டார்; பாடுகிறவர் குரல் அசையும் இடத்தில் வலக்கையை எடுத்துவிட்டு, இடக்கையில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தாங்கி நிற்பார். டீச்சரின் தாள்களில் வெற்றாக விடப்பட்ட அடைப்புகளை, அதாவது இரு குறுக்குக்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதிகளை, கவனியுங்கள். அங்கே அவர் மறந்து விட்டிருக்க மாட்டார், வேண்டுமென்றே விட்டிருப்பார். 'இங்கே ஏன் ஒன்றும் எழுதவில்லை?' என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டு, அவர் சொல்லும் காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் உடன் பாட ஒருவரை அழைத்துச் சென்று, அவர் வாசிக்க, பாட்டோடு சேர்த்தே ஒலிப்பதிவு செய்யுங்கள். தனியாக வாசிக்கச் சொன்னால், குரலுக்காக அவர் விட்டுக்கொடுக்கும் இடங்கள் ஒருபோதும் வெளிப்படமாட்டா.


பதில்: குளச்சல், பியானோ பழுதுபார்ப்பவர்

டீச்சரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் கருவியின் நிலையைப் பாருங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. போதாததற்குக் கடற்காற்றும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியும் ஈரத்தில் இருக்கும் மரப்பலகை உப்பும். மார்ச் மாத வெயிலில் சுருங்கும். பியானோவின் 88 கட்டைகளுக்குப் பின்னால் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் பல டன் இழுவிசையில் நிற்கின்றன. பலகை உப்பிச் சுருங்கும்போதெல்லாம் சுருதி கலைகிறது. கடலோரத்தில் கம்பி துருப்பிடிக்கிறது. சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது. பழைய இங்கிலாந்து, ஜெர்மனிக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று பித்தளைத் திருகாணிகள் வைத்துத் தனி வகைப் பியானோக்களையே செய்து அனுப்பியதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் பெட்டியின் அடியில் சிறிய மின்விளக்கு ஒன்றை எரியவிட்டு உள்ளே ஈரம் தங்காமல் காத்த டீச்சர்களை நான் அறிவேன். அதுவும் அவர்கள் பணியின் ஒரு பகுதிதான். எந்தப் பணிவிவரத்திலும் அது எழுதப்பட்டதில்லை.

அவருடைய வீட்டுப் பியானோ பல ஆண்டுகளாகச் சுருதி சேர்க்கப்படாமல் இருந்தால், பதிவுக்காக ஒரே நாளில் அதை இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டாம். பழைய கம்பிகள் அறுந்துவிடும். கருவி இப்போது நிற்கும் நிலையிலேயே, தனக்குள் ஒத்துப்போகுமாறு சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கு ஏற்பப் பாடுகிறவர் தம் சுருதியை அமைத்துக்கொள்ளட்டும். கல்லூரியில் அவர் வாசித்த பியானோ இன்னும் அங்கே இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அதன் தயாரிப்பு எண் இரும்புச் சட்டத்திலோ பலகையிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.


பதில்: கல்லூரி நூலகர், ஓய்வு

நிகழ்ச்சி நிரல் தாள்களை ஒன்றுகூடத் தள்ளிவிடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மானியப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் 1828இல் ஒன்பது வயதில் லைப்ஸிக் நகர மேடையேறியது முதல் 1891 வரை வாசித்த கச்சேரிகளின் நிரல்கள் ஏறக்குறைய 1,300, இன்றும் ஸ்விக்காவ் நகரில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவர் எந்தெந்த ஆண்டில் எதை வாசித்தார், அவருடைய தெரிவு எப்படி மாறியது என்று ஆய்வாளர்கள் இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடிவதற்கு அந்தத் தாள்களே ஆதாரம். உங்கள் டீச்சரின் கிறிஸ்துமஸ் கரோல் நிரல்களையும் கல்லூரி நாள் விழா நிரல்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கினால், எந்த ஆண்டில் முதன்முதலாகக் கீர்த்தனை ஒன்று நான்கு குரலில் பாடப்பட்டது என்பது போன்ற செய்திகள் தாமாகவே புலப்படும்.

தாள்களைப் பிரித்தெடுக்கும்போது அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல், முதலில் அந்த வரிசையிலேயே எண்ணிட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாக அகற்றுங்கள். ஒட்டுநாடாவோ லேமினேஷனோ ஒருபோதும் வேண்டாம். 600 டிபிஐ அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் பென்சில் குறிப்புகளும் தெளிவாக விழும். ஒலிநாடாவில் பூஞ்சை படிந்திருந்தால் வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அறிந்தவரிடம் கொடுத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத கோப்பாக மாற்றச் சொல்லுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இசையாக்கத்தின் மறுவடிவமைப்பையும் கணக்கில் கொள்கிறது. ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஆகவே டீச்சர் எழுதிய பியானோ பகுதிகளை நூலில் அச்சிட அவரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுங்கள். அண்மைக் காலப் பாடல்களின் மெட்டுக்கு உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


பதில்: கோட்டாறு வாசகி

மேலே எழுதியவர்கள் எல்லோரும் உடன்வாசிப்பையும் கற்பித்தலையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு பியானோ கலைஞர் என்பதை மறந்துவிடாதீர்கள் என்று நான் சேர்க்க விரும்புகிறேன். பிறருக்காக வாசித்து வாசித்தே வாழ்நாளைக் கழித்த பெண்கள் தமக்காக என்ன வாசித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாஸ்கோ கன்சர்வேட்டரியில் தங்கப் பதக்கம் பெற்ற பியானோ கலைஞர் ரோசினா லெவின், கணவர் யோசஃப் உயிரோடு இருந்தவரை பெரும்பாலும் அவருக்குத் துணையாகவே வாசித்து, நியூயார்க் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். 1958இல் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கி போட்டியில் வென்ற வான் கிளைபர்ன் அவருடைய மாணவர். அதே ரோசினா 1963இல், தம் 82ஆம் வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஷோபனின் முதல் பியானோ கன்செர்ட்டோவை மேடையில் வாசித்தார். உங்கள் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்த பாக், பேத்தோவன், ஷோபன் எவை, எதை வாசிக்க விரும்பி வாய்ப்புக் கிடைக்காமல் போயிற்று என்று தவறாமல் கேளுங்கள். தொகுப்பூதியத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள். அத்தனை ஆண்டுகள் அவர் எந்த நிலையில் பணிபுரிந்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் கதையில் இடம்பெறத்தான் வேண்டும்.


பதில்: நாகர்கோவில் பழைய மாணவி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களை டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். அரிகாம்போதி பற்றிய பகுதியை மட்டும் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாமே பெட்டியைத் திறந்து, பணியில் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு கீர்த்தனைத் தாளையும், பல ஆண்டுகள் கழித்து அதே கீர்த்தனைக்குத் திருத்தி எழுதிய தாளையும் எடுத்துத் தந்தார். முதல் தாளில் முடிவில் மேஜர் கார்டு இருக்கிறது. இரண்டாவதில் அது அடிக்கப்பட்டு, சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. முதியவர் ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வந்து, 'பாட்டு கடைசியிலே வேறே எங்கேயோ போச்சே, மோளே' என்று சொன்னதாகவும், அதன் பிறகே தாம் இராகங்களைப் பற்றி விசாரித்துக் கற்கத் தொடங்கியதாகவும் சொன்னார். நூலின் முதல் அத்தியாயத்தில் இவ்விரு தாள்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடவிருக்கிறோம்.

தக்கலை அம்மா சொன்னபடி, பாட்டோடு சேர்த்தே பதிவு செய்ய முடிவு செய்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பழைய பாடகர் குழுவினரில் வரக்கூடியவர்களை அழைத்து டீச்சரின் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். குளச்சல் அண்ணன் அதற்கு முன் ஒருமுறை வந்து கருவியைப் பார்க்க இயலுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நிரல்களை ஆண்டு வரிசையில் அடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டோம். இடையிடையே சில ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. இக்குழுவில் உள்ள பழைய மாணவிகளிடம் அக்காலத்துக் கரோல் நிரல்களோ சோல்ஃபா தாள்களோ இருந்தால், மூலத்தை அனுப்ப வேண்டாம், ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். குறிப்பாக ஆல்டோ பகுதித் தாள்கள் பெட்டியில் மிகக் குறைவாகவே இருக்கின்றன.